மஞ்சள் காளானும் என் ஓரகத்தியும்

என் ஓரகத்தியைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருஷமாக நினைத்து, ஒவ்வொரு முறையும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அவள் படித்தால் என்ன நினைப்பாளோ என்று ஒரு தயக்கம். பத்தாவதுகூட முடிக்காத எனக்கு எழுத வருமா என்பது இன்னொரு தயக்கம். ஆனால் சமையல் மேடையில் இருந்த அந்த எவர்சில்வர் தட்டு மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை. தட்டில் ஒரு காளான், அதன் குடையில் செக்கச்செவேலென்று ஒரு பொட்டு. அம்மன் சாட்சியாக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. மயிலாப்பூரில் மாமியார் வீட்டில் நாங்கள் இரண்டு மருமகள்கள். என் வீட்டுக்காரருக்கு ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறையில் வேலை. கொழுந்தனாருக்கு நந்தனத்தில் ஆபீஸ் வேலை. அவர் கட்டிக்கொண்டு வந்தவள் தாவரவியல் பட்டதாரி; கல்யாணத்துக்காக மேல்படிப்பை விட்டவள். நான் வந்த புதிதில் குழம்பில் உப்பு கூடிப்போனதை மாமியார் கடைசிவரை சொல்லிக்காட்டினார். அவள் பாலைப் பொங்கவிட்டால் மட்டும், "சின்னவ படிச்ச பொண்ணு, இன்னா யோசனையில கீதோ" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்குக் காளான் பைத்தியம். தி.நகரில் புதிதாக வந்திருந்த பிரௌசிங் சென்டரில் சனிக்கிழமையானால் போய் உட்கார்ந்துவிடுவாள். எந்தெந்த ஊர்க்காரர்களோ சேர்ந்து மின்னஞ்சலில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அதில் பேராசிரியர்களும் உண்டு, பல் டாக்டரும் பஸ் டிரைவரும் உண்டாம். காளானைப் பார்த்தவர் படம் அனுப்புவார். விஷயம் தெரிந்தவர்கள் இன்னதென்று சொல்வார்கள். வாதாடி முடிந்ததும், கண்டவர் பெயரோடு இணையப் பக்கத்தில் ஏற்றுவார்கள். அதற்காக மழைநாளெல்லாம் அடையாறு பக்கம் கேமராவோடு அலைவாள். கொழுந்தனார் குடை பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவார். என் வீட்டுக்காரர் எனக்குக் குடை பிடித்ததாக நினைவில்லை.

எங்கள் வீட்டுப் பின்புறம் வேப்பமரத்தடியில் ஒரு புற்று இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல், விடியுமுன் ஈரத்தலையோடு போய், இருட்டிலேயே பாலும் மஞ்சள் நீரும் ஊற்றிக் கும்பிட்டு வருவேன். மழைக்கு அங்கே காளான் முளைக்கும் என்று அவளுக்குச் சொன்னதே நான்தான். ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, நன்றாக விடிந்த பிறகு போனவள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். புற்றுக்காளான் வெள்ளையாகவோ சாம்பலாகவோதான் இருக்குமாம்; இது மஞ்சளாம்.

படத்தைப் பிரிண்ட் போட்டு, ஸ்கேன் செய்து அனுப்பினாள். குழுவே அமளிப்பட்டது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் கேள்வி வந்தது. நம்மூர்ப் பேராசிரியர் ஒருவர், புது இனமாக இருந்தால் அவளைத் தன்னிடமே மேல்படிப்புக்குச் சேர்த்துக்கொள்வதாக எழுதினார். காரத்தன்மையுள்ள எதையாவது ஒரு சொட்டு விட்டு நிறம் மாறுகிறதா பார்க்கச் சொன்னார், சுண்ணாம்புத் தண்ணீர்கூடப் போதுமாம். மாமியார் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார், "அமெரிக்காவுல எங்க சின்னவ பேச்சுதான் ஓடிக்கினு கீதாம்." என் வீட்டுக்காரரோ, "புத்துக்கு ஊத்தறது நீ, பேரு அவளுக்காமே" என்று சிரித்தார். விளக்கேற்றி உட்கார்ந்தால் சுலோகம் பாதியில் நின்றது.

"அக்கா, கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணி தெளிவா எடுத்துத் தர்றீங்களா?" என்று வந்தாள். மாமியாரின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கரைத்து, தெளியவைத்துக் கொடுத்தேன். பத்திரப்படுத்தியிருந்த காளானைத் தட்டில் வைத்து ஒரு சொட்டு விட்டாள். மஞ்சள் சிவந்தது.

"செவக்குது பாருங்கக்கா. எந்தப் புக்லயும் இப்படிப் போடல."

கல்யாணம், வளைகாப்பு என்று எத்தனை தட்டு கரைத்த கை என்னுடையது. "இது ஆரத்திடீ" என்றேன். "மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா செவக்காம இன்னா பண்ணும்? அன்னிக்கு இருட்டுல நான் ஊத்துன மஞ்சத்தண்ணி இது."

சொல்லும்போது இனித்தது. அழுவாள், இல்லாவிட்டால் யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தேன். படிப்பே கைநழுவுகிறதே. தட்டைப் பார்த்தவள், சிரித்துவிட்டாள். "எனக்கு எப்படிக்கா தோணாமப் போச்சு? நாளைக்கே எழுதிடறேன்." மறுநாள் பிரௌசிங் சென்டரில் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, உள்ளது உள்ளபடி எழுதி அனுப்பினாள்.

தன் தவற்றை இப்படி விளக்கமாக எழுதத் தெரிந்த மாணவிதான் தனக்கு வேண்டும் என்று பேராசிரியர் பதில் போட்டார். அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. தப்பிலும் அவளுக்குப் பாராட்டு. உப்பு கூடியதற்கு எனக்கு ஆயுசுக்கும் பேச்சு. அந்தக் காளான் வழக்கமான புற்றுக்காளான் என்றே இணையப் பக்கத்தில் ஏறியது. நிறத்துக்குக் காரணம் சொன்னவர் என்று என் பெயரையும் போடவைத்தாள். திரையில் அதைக் காட்டியபோது, அது அவள் பெயருக்குக் கீழே இருப்பதுதான் முதலில் கண்ணில் பட்டது.

இன்று அந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. அவள் வேறு ஊரில் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். போனில் "அக்கா" என்று அவள் கூப்பிட்டால் மனசு குளிர்கிறது; கொஞ்சம் எரியவும் செய்கிறது. எடுத்துவிடம்மா என்று அம்மனிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். இன்னும் எடுக்கவில்லை.

உறவுக்காரர்கள் கல்யாண வீடுகளில் இதை வேறு மாதிரி பேசுகிறார்கள். அவளைக் கெடுக்க நான் வேண்டுமென்றே காளானுக்கு மஞ்சள் பூசினேனாம். எனக்குப் பொறாமை இருந்தது, இருக்கிறது. ஆனால் அந்த மஞ்சள் அம்மனுக்கு ஊற்றியது. இதைப் படிப்பவர்கள் நாலு பேரிடம் சொல்வதானால் இப்படியே சொல்லுங்கள். என்னை நல்லவளாக்கவும் வேண்டாம், அந்தப் பொறாமையையும் மஞ்சளையும் ஒன்றாகக் கலக்கவும் வேண்டாம்.