பெயர் சொல்லாத சூடு

என் அக்கா யுவனேஸ்வரியைக் கட்டிய அருமைநாதன் அத்தான் மெல்பனில் டான்டினோங் பக்கம் பஸ் ஓட்டுகிறார். கதவை மூடும்முன் கண்ணாடியைப் பார்ப்பார். தூரத்தில் யாராவது ஓடி வந்தால், அந்த ஆள் பஸ்ஸுக்குத்தான் வருகிறாரா, இல்லை உடம்பு இளைக்க ஓடுகிறாரா என்று தெரியும்வரை வண்டி அசையாது. இப்படி எத்தனையோ ஜாக்கிங்காரர்களுக்குக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்திருக்கிறார். அவர்கள் கையைக் காட்டிவிட்டு ஓடிப்போவார்கள். இவரும் கையைக் காட்டுவார். உள்ளே இருப்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள்.

இதே மனிதர்தான் சனிக்கிழமைகளில் நரி சுடப் போகிறவர். துப்பாக்கிக்கு உரிமம் உண்டு. துப்பாக்கி நோபல் பார்க் வீட்டுக் கராஜில், அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில், இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. சாமியறைச் சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டி வரக்கூடாது என்று அக்கா பிடித்த பிடிவாதத்தில் அதை இரண்டு தடவை இடம் மாற்றித் திருகினோம். வெள்ளிக்கிழமையில் அவர் துப்பாக்கியைத் தொடமாட்டார். மச்சம் மாமிசம் தின்னாத நாளில் உயிரைக் கொல்வது எந்த ஊர் நியாயம் என்பார். வேட்டைச் சங்கத்து வெள்ளைக்காரர்களுக்கு இது விளங்கவில்லை. வெள்ளி இரவு அருமைக்குத் தேவாலயம் இருக்கிறது என்று தங்களுக்குள் முடிவு செய்துகொண்டார்கள்.

எனக்கு உரிமம் கிடையாது. என்னிடம் ஒரு பிக்கப் வண்டி உண்டு, சூட்டோடு சூடாகத் தேநீரும் உண்டு. அதனால் நான் கட்டாயம் தேவைப்படுகிறவன். மெல்பன் குளிர்காலத்தில் ஆறு மணிக்கெல்லாம் கும்மிருட்டு. வேட்டைக்குப் போய்விட்டுப் பிட்டு ஆறுமுன் வீடு திரும்பிவிடலாம். குளிர் மட்டும் எலும்புக்குள் போய்க் குந்திக்கொள்ளும்.

அத்தானின் துப்பாக்கியில் பூட்டியிருக்கும் தொலைநோக்கி வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை, சூட்டைப் பார்க்கிறது. குளிர்ந்த நிலம் கறுப்பாகத் தெரியும், உயிருள்ளது வெள்ளையாகத் தெரியும். அரை மைல் தூரத்து முயல்கூட அரிசிமணிபோலத் துலங்கும். ஆனால் இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பகல் முழுக்க வெயில் காய்ந்த கல்லும் வெள்ளைதான். அப்போதுதான் போட்ட மாட்டுச் சாணியும் வெள்ளைதான். சூடு இருக்கிறது என்று அந்தக் கருவி சொல்லும், யாருடைய சூடு என்று சொல்லாது. அதனால் அத்தான் தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார். வெள்ளையாகத் தெரிவது என்னவென்று வாயால் பெயர் சொல்ல முடிந்தால்தான் சுடுவார். சொல்ல முடியாவிட்டால் விரல் விசையை விட்டு வெளியே நிற்கும்.

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் பாதி நாள் நாங்கள் வெறுங்கையோடுதான் வீட்டுக்கு வந்தோம். நரி முகத்தில் முழித்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். கிழமை தவறாமல் நரி முகத்தில் முழித்தும் அத்தானுக்கு ஒன்றும் அமையவில்லை. 'இண்டைக்கும் நரி தப்பிட்டுதோ, இல்லாட்டி நீங்கள் தப்பினீங்களோ?' என்று அக்கா கேட்பாள். அவர் சிரித்துவிட்டுக் கைகழுவப் போவார். எனக்குத்தான் எரியும். குளிரில் விறைத்தவன் நான்.

மூன்றாவது ஆளாகப் பழனிசாமி வந்து சேர்ந்தான். கோபிச்செட்டிபாளையத்துக்காரன், நகரத்தில் கணினி வேலை, கிரான்பர்னில் புது வீடு. வீட்டுக்குள் எந்தச் சன்னல் வழியாகக் குளிர் வருகிறது என்று கண்டுபிடிக்க, கையில் பிடித்துப் பார்க்கும் வெப்பக் கண்ணாடி ஒன்றை வாங்கியிருக்கிறான். சன்னலைக் கண்டுபிடித்த மறுநாளே விலையை மனைவி கண்டுபிடித்துவிட்டாள். கருவிக்கு ஒரு வேலை காட்டியாக வேண்டும் என்று எங்களோடு ஒட்டிக்கொண்டான். என் பிக்கப்பின் பின்பக்கம் ஏறி நின்று வயல் முழுவதையும் துழாவிப் பார்ப்பான். முன்னால் வேலியோரம் துப்பாக்கி தாங்கும் முக்காலி நட்டு நிற்கும் அத்தானுக்கு, கையடக்க வானொலியில் செய்தி சொல்வான்.

நல்ல பிள்ளை. மரியாதை ஒரு படி அதிகம். பல்லியைப் பற்றிச் சொன்னாலும் ஒரு 'ங்க' சேர்த்துத்தான் சொல்வான். 'கல்லுங்கண்ணா', 'சாணிங்கண்ணா', 'அது ஒண்ணுமில்லீங்க, தண்ணித் தொட்டிங்க.' முதல் நாள் திரும்பி வரும்போது அவன் அத்தானிடம் கேட்டான்.

"ஏனுங்கண்ணா, தெளிவா நரி மாதிரிதானுங்க இருந்துச்சு. விட்டுட்டீங்களே?"

"மாதிரிக்கு நான் சுடுறேல்லைத் தம்பி," என்றார் அத்தான். "ஊரில சண்டைக்குள்ள பேர் கேக்காமல் சுட்ட ஆக்களைக் கனக்கப் பாத்திட்டன்."

நான் ஹீட்டரைக் கூட்டிவிட்டு வண்டியை ஓட்டினேன்.

நாங்கள் போவது லாங் லாங் என்ற ஊரைத் தாண்டிக் கமலினியின் ஆட்டுப் பண்ணைக்கு. எங்கள் யாழ்ப்பாணத்துப் பெண். கணக்காளர் வேலையை உதறிவிட்டு ஆடு வளர்க்க வந்தவள். அவளுடைய இறைச்சி நோபல் பார்க் முழுக்கக் கறியாகிறது. வேலை செய்கிறவள் என்பதால் வாயும் வேலை செய்யும். மேற்கு வயலும் அதன் முடிவில் இருக்கும் மண்மேடும் அத்தானுக்கு உயிர். பின்னால் மண் தாங்கும், குண்டு எங்கும் போகாது. பக்கத்தில் வீடு கிடையாது. பஸ் மணி அடிக்காத, யாரும் 'இது ஸ்டேஷன் போகுமா' என்று கேட்காத ஒரே இடம் அவருக்கு அதுதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் கேட் வாசலில் நின்று போன் அடித்து, அவள் வந்து சங்கிலியைக் கழற்றும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் அவர் முகம் கொஞ்சம் சிறுத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த வருஷம் ஆடுகள் குட்டி போடும் காலத்தில் நரிகள் வந்துவிட்டன. காலையில் போய்ப் பார்த்தால் குட்டி இருக்காது. காது மட்டும் கிடக்கும், சில நாள் அதுவும் இருக்காது. அன்று சங்கிலியைக் கழற்றும்போது கமலினியின் கண் சிவந்திருந்தது.

"அண்ணை, நேரா சொல்லுறன், கோவிக்கக் கூடாது," என்றாள். "நீங்கள் வாறீங்கள், பாக்கிறீங்கள், போறீங்கள். என்ர குட்டியள் போய்க்கொண்டிருக்குது. இண்டைக்கும் நரி விழாட்டி, திங்கக்கிழமை நரி சுடுற ஒப்பந்தக்காரரைக் கூப்பிடப்போறன். பிறகு வேற ஒருத்தரையும் வயலுக்குள்ள விடேலாது."

"ஓம் பிள்ளை," என்றார் அத்தான்.

"சினையாடு எல்லாத்தையும் கொட்டிலுக்குள்ள பூட்டிப்போட்டன். மேற்குப் பக்கம் ஒரு ஆடும் இல்லை. அங்க தெரியிறது நரிதான். யோசிக்காமல் சுடுங்கோ."

அத்தான் தலையாட்டினார். அந்த ஆட்டலுக்கு ஆம் என்றும் அர்த்தமில்லை, இல்லை என்றும் அர்த்தமில்லை. இந்த வயலும் போய்விட்டால் சனிக்கிழமைகளில் இந்த மனிதர் என்ன செய்வார்? அக்காவோடு கடை கடையாகப் பை தூக்கிக்கொண்டு நடப்பார். அந்தக் கோலத்தில் அவரைப் பார்க்க எனக்கு மனமில்லை.

காற்று எங்கள் முகத்தில் அடித்தது. அது நல்லது, நரிக்கு எங்கள் வாடை போகாது. அத்தான் வேலியோரம் முக்காலியை நட்டார். நான் வண்டிக்குள் இருந்தேன், பழனிசாமி பின்னால் ஏறி நின்றான். நெடுநேரம் ஒன்றுமில்லை. ஒரு முயல் வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. நான் பிளாஸ்கின் மூடியைத் திறந்தபோது வானொலி கரகரத்தது.

"அண்ணா! சுடுங்க!"

என் கையில் தேநீர் சிந்தியது. மறுபடியும் அவன் குரல், பதற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. "மேட்டடியில, புல்லுக்குள்ள. சுடுங்கண்ணா, சுடுங்க!"

காதைப் பொத்திக்கொண்டேன். வெடி வரவில்லை. காதைத் திறந்தேன். அப்போதும் வரவில்லை. அவ்வளவு கோபம் எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை. மேட்டடியில் இருக்கிறது, பின்னால் மண் இருக்கிறது, ஆடு இல்லையென்று சொந்தக்காரியே சொல்லிவிட்டாள். இதற்குமேல் நரி வந்து தன் பெயரையும் ஊரையும் சொல்ல வேண்டுமா?

வானொலியில் அத்தானின் குரல் வந்தது. பஸ்ஸில் அடுத்த தரிப்பைச் சொல்வதுபோல அமைதியாக இருந்தது.

"எதைத் தம்பி?"

"அதானுங்க, சுடுங்க!"

"சுடுறது கிடக்கட்டும். எதை?"

பிறகு பழனிசாமி அலறினான். வானொலி தேவைப்படவில்லை, எனக்கு நேராகவே கேட்டது. "ஐயோ! நான் சுடச் சொல்லலீங்கண்ணா! சூடு! ஹீட்டு! அங்க ஏதோ சூடு தெரியுதுங்கன்னு சொன்னனுங்க!"

கோபிக்காரன் மரியாதையாகச் சொன்ன 'சூடுங்க' வானொலியின் கரகரப்பில் ஒரு மாத்திரை தேய்ந்து 'சுடுங்க' ஆகிவிட்டது. ஒரு நெடில் குறிலானால் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். இவ்வளவு தூரம் ஆகும் என்று யாரும் சொல்லவில்லை.

அப்போது அவர்கள் இருவர் கருவியிலும் மேட்டடியில் கிடந்த வெள்ளை எழுந்து நின்றது. நான்கு நீளக் கால்கள். நின்றது, ஆடியது, தொப்பென்று விழுந்தது, மறுபடி எழுந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரிய வெள்ளையொன்று ஏறி வந்து அதை நக்கத் தொடங்கியது. பூட்டிய கொட்டிலில் எந்த ஓட்டை வழியாகவோ வெளியேறி, ஒரு தலையீற்று ஆடு தனியாக வந்து குட்டி போட்டிருந்தது. புல்லுக்குள் சுருண்டு, காது மட்டும் நிமிர்ந்து கிடந்த அந்தக் குட்டியை வீடியோவில் நான் பிறகு பார்த்தேன். பதுங்கிய நரியேதான். நானாக இருந்தால் சுட்டிருப்பேன்.

"அசையாதேங்கோ ரெண்டு பேரும்," என்றார் அத்தான். "பிரசவ மணத்துக்கு அவர் வருவார்."

வந்தார். வாய்க்கால் பக்கத்திலிருந்து, வயிறு தரையில் தேய, வால் நேராக நீண்டு, இரண்டடி வைத்து நின்று, மறுபடி இரண்டடி வைத்து வந்தார். அத்தான் அவசரப்படவில்லை. அது ஆட்டுக்கும் குட்டிக்கும் வெகுவாக விலகி, மண்மேட்டை முதுகாக வைத்துப் பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருந்தார். பிறகு வானொலியில் ஒரே சொல் வந்தது.

"நரி."

ஒரே வெடி. வெள்ளை நின்ற இடத்திலேயே விழுந்தது.

வெடிச் சத்தம் கேட்டுக் கமலினி ரோர்ச் லைட்டோடு ஓடி வந்தாள். நரியைப் பார்த்ததும் "அப்பாடா, நாசமாப் போனது" என்று அதற்கு ஒரு வசை வைத்தாள். ஆட்டையும் குட்டியையும் பார்த்ததும் "உவள் எப்பிடி வெளியில வந்தவள்?" என்று தலையில் கைவைத்தாள். குட்டியைத் தன் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு எங்களைக் குசினிக்குள் கூப்பிட்டாள். குட்டியின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. அடுப்படிச் சூட்டில் என் விரல்களுக்கு மறுபடி உயிர் வந்தது. கமலினி கேத்திலைப் போட்டுவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தாள்.

தன் தவறைத் தானே சொல்லி மாட்டிக்கொள்வதில் பழனிசாமியை மிஞ்ச ஆளில்லை. அத்தானின் துப்பாக்கித் தொலைநோக்கி குரலோடு பிடித்திருந்த வீடியோவைத் தன் போனில் ஏற்றி மேசையில் வைத்துக் காட்டினான். நரி விழுவதைக் காட்டத்தான் போட்டான். ஆனால் ஆரம்பத்திலிருந்து போட்டுவிட்டான். கறுப்பு வயல், நடுவில் பதுங்கிய வெள்ளை, அதன்மேல் அசையாத குறி. 'சுடுங்கண்ணா, சுடுங்க!' என்று அவன் குரல். பிறகு அமைதி. குறி அப்படியே நிற்கிறது. 'எதைத் தம்பி?'

அந்த வெள்ளைக்குக் கால் முளைத்தபோது கமலினியின் கை தன்னையறியாமல் ஜாக்கெட்டுக்குள் இருந்த தலையைப் பொத்திக்கொண்டது. நரி வரும்வரை அவள் பார்க்கவில்லை. எழுந்து போய்ச் சுவர் ஆணியிலிருந்து ஒன்றைக் கழற்றி வந்து அத்தான் முன்னால் வைத்தாள்.

"மேற்குக் கேற்றுத் திறப்பு அண்ணை. இனி வாசலில நிண்டு போன் அடிக்காதேங்கோ."

பழனிசாமி என் காதில் கேட்டான். "திறப்புன்னா எதைத் திறக்கணுமுங்க?"

"சாவியடா," என்றேன்.

அத்தான் திறப்பைத் தொடாமல் பார்த்தார். "ஒரு நரிக்கு இவ்வளவோ பிள்ளை?"

"நரியை ஆரும் சுடுவினம்," என்றாள் கமலினி. "யோசிக்காமல் சுடுங்கோ எண்டு நான் சொன்னனான். நீங்கள் என்ர சொல்லுக்கும் சுடேல்லை, உந்தத் தம்பியின்ர சொல்லுக்கும் சுடேல்லை. திறப்பு அதுக்கு."

அத்தான் திறப்பை எடுத்து, பஸ் டிப்போச் சாவி வளையத்திலேயே கோத்துக்கொண்டார். அந்த வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் இவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை. ஜாக்கெட்டுக்குள்ளிருந்து குட்டி மட்டும் ஒரு தடவை கத்தியது.

அந்த அமைதியைப் பழனிசாமியால் தாங்க முடியவில்லை. எழுந்து, கேத்திலிலிருந்து தேநீரை ஊற்றி, ஆவி பறக்கும் கோப்பையை இரண்டு கையாலும் மரியாதையாக அத்தானிடம் நீட்டினான்.

"பாத்துங்கண்ணா," என்றான். "சூடுங்க."

அத்தான் கோப்பையை வாங்கவில்லை. அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"எதைத் தம்பி?"