பின்வரிசைக்காரன் கட்டிய கறுப்பு டேப்

போன வாரம் எஸ்பியர்க்கில் பஸ்ஸில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். ஹேண்ட்பால் விளையாடி முடித்த பெண்பிள்ளைகள் ஒரு கூட்டமாக ஏறினார்கள். ஈரத் தலை, தோளில் பெரிய பைகள். அவர்களோடு தசைவலிக்குப் பூசுகிற தைலத்தின் மணமும் ஏறியது. கற்பூரமும் புதினாவும் கலந்து மூக்கைப் பிடித்து இழுக்கிற மணம். நான் இறங்கவேண்டிய தரிப்பிடம் எப்போது போனதென்றே தெரியவில்லை. பிந்தி வீட்டுக்கு வந்தபோது, அப்பா வழக்கம்போல பஸ்ஸில் நித்திரையாகிவிட்டார் என்று மகள் டேனிஷில் பகிடி பண்ணினாள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், அது கிளைவின் மணம்.

கிளைவ் ஓர் இங்கிலாந்துக்காரன். உதைபந்தாட்டமே தொழிலாக இருந்தவன், பின்வரிசையில் ஆடுகிறவன். யாழ்ப்பாணத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்த இடத்தை ‘பாக்’ என்போம். ஓடத் தெரியாதவனையும் தடித்தவனையும் அங்கேதான் நிறுத்துவார்கள். நானும் பாக்தான், ஏனென்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். அதனாலோ என்னவோ, எஸ்பியர்க்குக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த ஒரு சின்ன ஊரின் கழகத்துக்கு அவன் வந்து சேர்ந்தபோது, முன்னால் நின்று கோல் அடிக்கிற பெடியன்களை விட்டுவிட்டு நான் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அந்தக் கழகத்தில் உடுப்புத் தோய்க்கிற வேலை. மீன் தொழிற்சாலையில் முதுகு போன பிறகு கொம்யூன், எங்கள் நகரசபைதான், பார்த்துக் கொடுத்தது. மைதானத்துக் கட்டடத்தின் ஒரு மூலையில் இரண்டு பெரிய மெஷின்கள், ஒரு காயவைக்கிற மெஷின், ஒரு வாங்கு. பயிற்சி முடிந்ததும் மற்றவர்கள் காரில் ஏறிப் போய்விடுவார்கள். கிளைவுக்குப் போக இடமில்லை. முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு, தைலம் மணக்க மணக்க அந்த வாங்கில் வந்து உட்கார்ந்துவிடுவான். மெஷினின் சூடு முழங்காலுக்கு நல்லது என்பான். ஒரு பக்கம் ஐஸ், மறுபக்கம் சூடு, அது என்ன வைத்தியமோ எனக்குத் தெரியாது.

அவனுடைய ஆங்கிலத்தில் பாதி எனக்கு விளங்காது. என்னுடைய ஆங்கிலம் அவனுக்கு முழுக்க விளங்கியது என்று அவன் சொன்னான், அது மரியாதைக்கு. ஆனாலும் கதைத்தோம். பதினாறு வயதில் ஒரு பெரிய கழகம் அவனை எடுத்து, ஒரு நாள்கூட ஆட்டத்தில் இறக்காமல் விட்டுவிட்டதாம். பிறகு கழகம் கழகமாக அலைச்சல். ஓர் இடத்தில் இரண்டு வருசம், இன்னோர் இடத்தில் அரை வருசம், சில இடங்களுக்கு இரவல். ஓம், ஆட்களையும் இரவல் கொடுப்பார்களாம், மண்வெட்டி கொடுக்கிறது போல. ஊர்களின் பெயரை அவன் மறந்துவிடுவான், மணம் மறக்கமாட்டான். பிஸ்கட் தொழிற்சாலை மணக்கிற ஊர், பியர் காய்ச்சுகிற ஊர், குழந்தை பிறந்த ஊர், மனைவி போகிறேன் என்று சொன்ன மழை ஊர். எஸ்பியர்க்கின் மீன் வாடை வந்த அன்றே அவனுக்குப் பிடித்துப்போனது, ஏனென்றால் அவன் பிறந்ததும் ஒரு மீன்பிடித் துறைமுகத்தில்.

எல்லா இடத்திலும் அவனைப் பின்னால்தான் நிறுத்தினார்கள். ஒருவரும் அவன் பெயரைச் சொல்லிக் கத்தவில்லை, ஒருவரும் அவன் சட்டையை வாங்கவில்லை. அதைப் பற்றி அவனுக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. பின்னால் நிற்கிறவனுக்கு மைதானம் முழுக்கத் தெரியும், யார் களைத்துவிட்டான், யார் மனம் இங்கே இல்லை என்று எல்லாம் தெரியும் என்பான். அது உண்மைதான் என்று பிறகு எனக்கு விளங்கியது.

இதெல்லாம் நடந்தது ஊரில் எங்களுடைய சண்டை முடிந்துகொண்டிருந்த, இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டின் அந்த வசந்த காலத்தில். உங்களுக்குத் தெரியாததா? டென்மார்க் முழுக்க எங்கள் சனம் சோறு தின்ன வெட்கப்பட்டது. பிறந்தநாள் இல்லை, சாமத்தியச் சடங்கு இல்லை, எங்கள் பெடியன்களின் விளையாட்டுக் கழகம்கூடப் பந்தைத் தொடவில்லை. ஒடென்சேயிலிருந்தும் இங்கிருந்தும் பஸ் பிடித்துக் கொப்பன்ஹேகனுக்குப் போய்ப் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்றார்கள். என் மனைவி சாந்தி தொண்டை கட்டிப்போய்த் திரும்பி வருவாள். என் ஒரே தங்கச்சி வதனி புதுக்குடியிருப்பில் வாழ்க்கைப்பட்டவள். சனத்தோடு சனமாக, கடைசியாக மிஞ்சியிருந்த அந்தக் கடற்கரைத் துண்டுக்குத் துரத்தப்பட்டிருந்தாள். பங்குனியில் ஒருமுறை யாருடைய தொலைபேசியிலோ இரண்டு வார்த்தை கதைத்தாள். அதற்குப் பிறகு சத்தமில்லை.

இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆட்டம் நடக்கிற நாட்களில் எனக்கு வேலை இல்லை. வேலை இருக்கிறது என்று சாந்தியிடம் சொல்லிவிட்டுப் போனேன். அந்த ஒன்றரை மணித்தியாலம் மட்டும் வதனி என் தலைக்குள் இருக்கமாட்டாள். கிளைவ் பந்தை நெற்றியால் அடித்து அனுப்பும்போது நான் எழும்பி நின்று கைதட்டியிருக்கிறேன். ஒருநாள் சிரித்துக்கூட இருக்கிறேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது வதனி தலைக்குள் திரும்பி வந்துவிடுவாள்.

சித்திரை மாதத்தில் ஒருநாள், ஒரு காதில் தொலைபேசியை வைத்துச் செய்தி கேட்டுக்கொண்டே சிவப்புக் காலுறைகளை வெள்ளைச் சட்டைகளோடு சேர்த்துப் போட்டுவிட்டேன். கழகம் முழுக்க ரோஸ் நிறத்தில் வெளியே வந்தது. பெடியன்கள் அதைப் போட்டுக்கொண்டு நடனம் ஆடினார்கள், எனக்கும் சிரிப்பு வந்தது. கிளைவ் மட்டும் சிரிக்கவில்லை. எல்லாரும் போன பிறகு வாங்கில் வந்து உட்கார்ந்து, உனக்கு என்ன நடந்தது என்று கேட்டான். நான் சொல்லத் தொடங்கினேன். தங்கச்சி, கடற்கரை, செல் குண்டு, பதுங்குகுழி. பாதியில் அழுகை வந்து ஆங்கிலம் போய்விட்டது. அவன் என் முதுகில் கையை வைத்துக்கொண்டு மெஷின் நிற்கும்வரைக்கும் இருந்தான்.

எங்கள் சனம் உயிரோடு இருக்கிறவர்களுக்காகவும் அழும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? வதனி செத்துவிட்டாள் என்றே அவன் எடுத்துக்கொண்டான்.

அடுத்து உள்ளூரில் ஆட்டம் நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சித்திராபௌர்ணமி கழிந்திருந்தது. அம்மா இல்லாதவர்கள் இருக்கிற விரதம் அது. நானும் இருந்து, கஞ்சி குடித்து, வதனியும் அங்கே எங்கேயோ விரதம் இருந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆட்டத்தன்று, வேலை இல்லாவிட்டாலும், உடுப்பு மாற்றுகிற அறைக்குத் துவாய்களைக் கொண்டுபோனேன். கிளைவ் காலுறை கட்டுகிற கறுப்பு டேப்பை எடுத்து இடது கையில் சட்டைக்கு மேலாக ஒரு பட்டியாகச் சுற்றியிருந்தான். அவனோடு பின்வரிசையில் ஆடுகிற மற்ற மூன்று பேரின் கையிலும் அதே பட்டி. உதைபந்தாட்டக்காரர்கள் யாராவது இறந்தால் அப்படிக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள், எனக்கும் தெரியும். கிளைவ் என்னைப் பார்த்து, உன் தங்கச்சிக்கு என்றான். முன்வரிசைப் பெடியன்களுக்குச் சொல்லவில்லையாம், இது எங்கள் நாலு பேருடைய வேலையாம்.

வீட்டில் சாந்தி ஒரு சட்டம் போட்டிருந்தாள். யாராவது வதனியைப் பற்றிக் கதைக்கும்போது வாய் தவறினால் உடனே திருத்துவாள்.

“இருக்கிறாள் எண்டு சொல்லுங்கோ. இருந்தவள் எண்டு ஒருத்தற்றை வாயிலையும் வரக்கூடாது.”

இங்கே என்னடாவென்றால் நான்கு ஆண்பிள்ளைகள் அவளுக்குத் துக்கம் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். உயிரோடு இருக்கிறவளைக் கையோடு கொண்டுபோய்ச் சுடலையில் விட்டது போல இருந்தது. நான் அவனைப் பிடித்து உலுக்கவில்லை, கத்தவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டேன். அவள் உயிரோடு இருக்கிறாள், தயவுசெய்து கழற்று, எங்களுக்கு இது ஆகாது. அவனுடைய முகம் சிவந்துபோனது. அவன் சொன்னதை என்னுடைய தமிழில் சொல்கிறேன்.

“மன்னிச்சுக்கொள். உன்னட்டைக் கேட்டிருக்கவேணும். நல்ல செய்தி இது.”

பிறகு மற்ற மூன்று பேருக்கும் கழற்றச் சொல்லிக் கையைக் காட்டினான். டேப் சட்டையில் நன்றாக ஒட்டியிருந்தது. மருத்துவப் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொருவராக வெட்டிக் கழற்றினார்கள். நடுவர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். கடைசித் துண்டை நானே வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டேன். அன்றைக்கு ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது, கிளைவ் நன்றாக ஆடினான். நான் முழு ஆட்டத்தையும் நின்று பார்த்தேன். நல்ல செய்தி என்று அவன் சொன்னது காதுக்குள் இனித்துக்கொண்டே இருந்தது.

அடுத்த வாரத்தோடு சண்டை முடிந்தது. ஆனியில் கழகமும் கிளைவை முடித்துக்கொண்டது. மேலாளர் கைகொடுத்தார், அவன் தன் சப்பாத்துகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினான். அவனுக்கு அது பழக்கமான வேலை. ஏதோ ஒரு தீவுக் கழகத்துக்குப் போகிறேன், அங்கேயும் மீன் மணக்குமாம் என்றான். இலக்கத்தை எழுதித் தந்து, தங்கச்சி வந்ததும் சொல் என்றான்.

மழைக்காலத்தில்தான் வதனியின் கணவர், தப்பி வந்த சனத்தை அடைத்து வைத்திருந்த முகாமிலிருந்து வெளியே வந்து தொலைபேசி எடுத்தார். அவர் அழவில்லை, அழுது முடித்திருந்தார்.

“மாமிக்கு இருக்கிற சித்திராபௌர்ணமி விரதத்துக்கு முதல் நாள், மச்சான். பங்கர் வாசலிலை செல் விழுந்தது. பக்கத்திலை மூடிப்போட்டு ஓடினனாங்கள். ஒரு ஒப்பாரிகூட வைக்கேல்லை.”

சாந்தி பக்கத்தில் நின்று என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அந்த விரதத்திலிருந்து ஆட்டம் நடந்த ஞாயிறுவரைக்கும் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த ஞாயிறு பின்னேரம் வதனி மண்ணுக்குள் இருந்தாள். எனக்குத் தெரியாது, சாந்திக்குத் தெரியாது, உலகத்தில் ஒருவரும் அவளுக்காகத் துக்கம் காக்கவில்லை. காத்தவர்கள் அவளை ஒருநாளும் கண்டிராத அந்த நான்கு பேர். அவர்களைக் கும்பிட்டுக் கழற்றச் சொன்னவன் கூடப்பிறந்த நான்.

கிளைவுக்கு உடனே சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்கு முகம் இருக்கவில்லை. அவன் அதற்கும் மன்னிப்புக் கேட்பான் என்று பயந்தேன். ஒரு வருசம், இன்னொரு வருசம் என்று தள்ளிப்போட்டு, ஒருநாள் துணிந்து எடுத்தபோது அந்த இலக்கம் பாவனையில் இல்லை. முழங்கால் எந்த ஊரில் அவனை நிறுத்தியதோ தெரியாது. கழகத்தைப் பக்கத்து ஊர்க் கழகத்தோடு சேர்த்து வேறு பெயர் வைத்துவிட்டார்கள். மைதானத்தை உடைத்து வரிசை வீடுகள் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கடற்கரையில் வதனியை மூடிய இடத்தை அவளுடைய கணவராலேயே பிறகு கண்டுபிடிக்க முடியவில்லை. அவளுக்கென்று உரிய வேளையில் துக்கம் காத்த இடம் இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, எஸ்பியர்க்குக்குப் பக்கத்தில், தைலம் மணந்த ஓர் அறை. அங்கே இப்போது யாரோ கார் நிறுத்துகிறார்கள்.