சுரங்கத்துச் சட்டத்தைச் சந்தைக்குக் கொண்டுபோனேன்

கொரோனாவுக்காக ஊரை மூடிய அந்த மார்ச் மாதத்தில் இது நடந்தது. கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டை மெயின் ரோட்டில், பாதி இறக்கிய ஷட்டருக்குள் என் கிரில் பட்டறையில் உட்கார்ந்துகொண்டு, ஐந்து வருடம் சேர்த்ததை ஒரே காலையில் என் கையாலேயே கெடுத்தேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதை மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவன். சுரங்கத்தை மூடியபோது என்னோடு இருந்தவர்கள் காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு செக்யூரிட்டி வேலைக்குப் போனார்கள். நான் போகவில்லை. கைக்கு வந்த பணத்தில் ஒரு வெல்டிங் மெஷின் வாங்கினேன். முதலில் செய்த கேட் கோணலாக வந்தது. அதை என் வீட்டுக்கே மாட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு கோணல் கிடையாது. இந்த ஊரில் எந்தத் தெருவில் நிறுத்தினாலும் நான் செய்த கேட் ஒன்றைக் காட்டுவேன்.

பட்டறை நின்ற மனை மட்டும் வாடகை. சொந்தக்காரர் சென்னைவாசி. விற்கும்போது முதலில் எனக்குத்தான் சொல்வேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். அதை வாங்கத்தான் மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போட்டு வந்தேன். மெடிக்கல் ஷாப்புக்கு மேலே ஒரு சின்ன அறையில் ஏஜென்டாக இருக்கிற ஒரு தங்கச்சிதான் எழுதிக் கொடுத்து ஆரம்பித்து வைத்தது.

அந்த மார்ச்சில் பங்குச் சந்தை விழுந்தது. காலையில் ஃபோனைத் திறந்தால் நேற்று இருந்தது இன்று இல்லை. ஆனால் விழுவதும் வெடிப்பதும் எனக்குப் புதிதா? சுரங்கத்தில் திடீரென்று பாறை வெடிக்கும். பர்ஸ்ட் என்போம். வெடித்தால் சட்டம் ஒன்றுதான். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, ஆளை ஏற்றி இறக்கும் கேஜில் ஏறி மேலே வா. அதிகாரி உள்ளே போய்ப் பார்த்து, சரி என்று சொல்லும்வரை இறங்காதே. ஏனென்றால் முதல் வெடிப்புக்குப் பின்னால் இன்னொன்று வரும். சாப்பாட்டுத் தூக்கை எடுக்கத் திரும்பிப் போன ஒருவனை நாங்கள் சுமந்துகொண்டுதான் வந்தோம். அந்தச் சட்டத்தால்தான் நான் உயிரோடு இருக்கிறேன்.

ஏஜென்ட் தங்கச்சிக்கு ஃபோன் போட்டு, எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னேன்.

"அண்ணா, இப்ப எடுத்தா நஷ்டம் உறுதியாயிடும். கொஞ்சம் பொறுங்க."

"நீ பாறை வெடிச்சி பாத்திருக்கியாம்மா?"

"இல்லீங்கண்ணா."

"நான் பாத்திருக்கேன். எடுத்துக் குடு."

எடுத்துக் கொடுத்தது. அடுத்த சில நாள் சந்தை இன்னும் விழுந்தது. என்னோடு ஒரே ஷிப்டில் வேலை செய்த பழைய கூட்டாளி ஒருவனுக்கு ஃபோன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். பிறகு அது ஏற ஆரம்பித்தது. நான் நம்பவில்லை. ஊரே மூடிக்கிடக்கிறது, தெருத்தெருவாகச் சாவு, இது எப்படி ஏறும்? இரண்டாவது வெடிப்பு வரட்டும் என்று காத்திருந்தேன். ரம்ஜான் போனது, ஆயுதபூஜை போனது. தீபாவளிக்கு, விழுவதற்கு முன்னால் எங்கே இருந்ததோ அதையும் தாண்டிவிட்டது. நான் மட்டும் வெளியே நின்றுகொண்டிருந்தேன். சந்தைக்குள் போய்ப் பார்த்துவிட்டு, சரி, இறங்கலாம் என்று சொல்ல எந்த அதிகாரியும் வருவதில்லை. டீக்கடையில்கூட சரி என்று பேச ஆரம்பித்தபோது விலை எட்டாத இடத்துக்குப் போயிருந்தது.

பொங்கல் முடிந்ததும் மனைக்காரர் கூப்பிட்டார். வாக்கு தவறாதவர், எனக்குத்தான் முதலில் சொன்னார். எடுக்காமல் விட்டிருந்தால் அவர் கேட்ட விலைக்குச் சரியாக இருந்திருக்கும். கையில் இருந்தது பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஒரு மாதம் பொறுத்தார். பிறகு ஒரு மொபைல் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டார். நான் மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஆண்டர்சன்பேட்டைக்கு வாடகைக்குப் போனேன். மெயின் ரோடு முழுக்கப் பார்த்தது.

கூட்டாளி டீக்கடையில் எல்லார் முன்னாலும் ஆரம்பித்தான். "அஞ்சாங்கிளாசுக்கு இன்னாத்துக்குடா ஷேரு? உங்கப்பன் தோண்டினது தங்கம், நீ தோண்டினது தங்கம். பேசாம அதையே வாங்கி வெச்சிருக்கலாம்ல?"

"தோண்டினவன் எவன் வூட்லடா தங்கம் கீது?" என்றேன்.

வீட்டில் மனைவி வேறு மாதிரி. "பட்டது போதும். பேங்க்ல போட்டுட்டு சும்மா கெடங்க." அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் மறுநாள் காலை அந்த மெடிக்கல் ஷாப் மாடிப்படி ஏறினேன். நீ சொன்னது சரி, நான் செய்தது தப்பு என்று சொன்னேன். வாழ்நாளில் நான் அதிகம் சொல்லாத வாக்கியம் அது. தங்கச்சி சொல்லிக் காட்டவில்லை.

"இப்ப மேல இருக்குதே அண்ணா, பரவாயில்லையா?"

"மேல இருந்தாலும் போடு, கீழ இருந்தாலும் போடு. நேரம் பாத்தது போதும்."

மொத்தமாக வேண்டாம் என்று சொல்லி, மாதாமாதம் பிரித்துப் போட்டுக் கொடுத்தது.

ஒரு வருடம் போனது. எங்கேயோ சண்டை என்றார்கள், சந்தை மறுபடியும் விழுந்தது. கூட்டாளி புதுப் பட்டறைக்கே வந்துவிட்டான்.

"வெடிக்குதுடா. சீக்கிரம் மேல ஏறு."

"நீ வேணா ஏறு. நான் கீழயே கீறேன்."

வாய்தான் அப்படிச் சொன்னது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் ஃபோனில் பணத்தை எடுக்கிற பட்டனில் விரலையே வைத்துவிட்டேன். மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். "எடுத்துடுங்க, எனக்கு பயமா கீது" என்றாள். எனக்கும் பயம்தான். விரலை எடுத்தேன். அந்த மாதம் ஆயிரம் ரூபாய் கூடுதலாகப் போட்டேன்.

போன வருடம், அதில் சேர்ந்த பணத்தில் ஆண்டர்சன்பேட்டையிலேயே ஒரு மனை வாங்கிப் பட்டறை போட்டேன். மெயின் ரோடு இல்லை, சந்து. லாரி உள்ளே வராது. கம்பியை முனையில் இறக்கித் தோளில்தான் தூக்கி வரவேண்டும். இந்த வயதில் நானும் தூக்குகிறேன். பத்திரம் என் பெயரில் இருக்கிறது.

படிக்காதவன், அதனால் ஏமாந்தான் என்று இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லட்டும். தெரியாததை யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம். நமக்கு நன்றாகத் தெரிந்தது எந்த இடத்தில் செல்லாது என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, அதற்கு நான் கொடுத்த விலை ஒரு மெயின் ரோட்டு மனை, கொடுத்ததற்காக எவன் முன்னாலும் நான் தலைகுனிவதாக இல்லை.