பஸ் ஸ்டாண்டில் தூங்கியவருக்குக் கண் திறந்த கதை

"எம் புருஷனைக் கொஞ்சம் எழுப்பி விடுங்க சார்."

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். டி.வி.யில் ஏதோ மாநில மொழிப் படம். எந்த மொழி என்று கேட்காதீர்கள், அந்த நேரத்தில் எனக்குத் தமிழே புரியாது. சாப்பாடு உள்ளே போயிருக்கிறது, ஃபேன் சுற்றுகிறது, கண் சொக்குகிறது... வாசலில் ஓர் அம்மா வந்து நின்று இப்படிச் சொல்கிறார். சத்தியமாகக் கனவு என்றுதான் நினைத்தேன்.

கனவில்லை. நாற்பது வயதிருக்கும். நெற்றியில் கோயில் குங்குமம். வெயிலில் ஓடி வந்த மூச்சிரைப்பு. ஒரு கையில் நான் வரைந்த படம், ஃபிரேம் போட்டது. இன்னொரு கையில் பிய்த்து எடுத்த சந்தன மாலை.

இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் பெயிண்ட் டப்பா பழக்கம்தான். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூர், ஆபீஸ் இராஜபாளையம். காலையில் சீக்கிரமே கிளம்பிப் போய், இராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். கையில் ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் ஆயில் பெயிண்ட் ட்யூப்கள், பிரஷ்கள், வெள்ளை பிரைமர் அடித்த அட்டைத் துண்டுகள். அட்டை ஒவ்வொன்றும் போஸ்ட் கார்டை விடச் சற்றுப் பெரிது. கண்ணில் படுகிற ஆட்களை அதில் வரைவேன்.

ஆரம்பத்தில், "என்ன சார், எந்தச் சுவத்துக்கு? எலக்‌ஷன் வந்துருச்சா?" என்று கேட்டார்கள். இப்போது யாரும் கேட்பதில்லை. வாழைப்பழக்காரர், டைம் கீப்பர், நான் என்று எல்லோரும் பஸ் ஸ்டாண்டுச் சாமான்கள் ஆகிவிட்டோம்.

ஒரே ஒரு கஷ்டம். பஸ் ஸ்டாண்டு மனிதர்கள் நிற்க மாட்டார்கள். ஒரு கூடைக்காரம்மாவின் மூக்கை ரசித்து ஆரம்பித்தால், தேவதானம் பஸ் வந்து மூக்கை ஏற்றிக்கொண்டு போய்விடும். சேத்தூர்ப் பெரியவர் ஒருவர் இன்னும் என் வீட்டில் இடுப்புக்கு மேலே மட்டும் இருக்கிறார்.

அப்புறம்தான் புத்தி வந்தது. தூங்குகிறவர்கள் அசைய மாட்டார்களே!

அன்றிலிருந்து தூங்குகிறவர்கள்தான் என் ஆட்கள். காலை நேரத்து பஸ் ஸ்டாண்டில் எத்தனை விதமான தூக்கம் தெரியுமா? சாக்கு மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு தூக்கம். தூணில் சாய்ந்து, தூணிடம் ஏதோ ரகசியம் கேட்கிற மாதிரி ஒரு தூக்கம். தாயும் மடிப்பிள்ளையும் ஒரே மூச்சில் தூங்குகிற தூக்கம். மேற்கே மலைகூட இன்னும் எழுந்திருக்காமல் மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடக்கும். அத்தனை ஹாரன் சத்தத்துக்கு நடுவிலும் இவர்கள் வேறெங்கோ இருப்பார்கள்.

பார்த்துப் பார்த்து வரைய எனக்கும் பாதித் தூக்கம் வந்துவிடும். அந்த முகத்தில் ஓடுவது அவர் காண்கிற கனவா, நானாகப் போடுகிற நிழலா... தெரியாது. ஆபீசுக்குப் போன பிறகும் செத்த நேரத்துக்கு ஃபைலெல்லாம் தண்ணீருக்கு அடியில் கிடப்பது போலத் தெரியும்.

இந்தத் தூங்குகிற கூட்டத்துக்கே ராஜா ஒருவர் உண்டு. நைட் ஷிப்ட் முடித்து வருகிற மில்காரர். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். மடியில் தூக்குச்சட்டி. உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்கிவிடுவார். வத்திராயிருப்பு பஸ் வரும், போகும், அடுத்தது வரும்... அவர் எழுந்தால்தானே! கடைசியில் யாராவது ஒரு கண்டக்டர் இரக்கப்பட்டுத் தோளைத் தட்டி, "சுந்தரபாண்டியம்... ஏறுங்கண்ணே" என்பார். அண்ணன் கண்ணைத் திறக்காமலே ஏறிப் போவார்.

அவரைப் பல காலைகள் உட்கார்ந்து வரைந்தேன். புருவத்துப் பஞ்சுக்காக வெள்ளையில் ஒரு சின்னத் தீற்றல். அது விழுந்த அழகு இருக்கிறதே! இத்தனை வருஷத்தில் நான் போட்டதில் அதுதான் படம். மற்றதெல்லாம் அட்டை.

ஆயில் பெயிண்ட் காய வாரக்கணக்கில் ஆகும். நன்றாகக் காய்ந்ததும் எங்கள் ஊர்த் தேரடிப் பக்கம் ஃபிரேம் கடை அண்ணாச்சியிடம் கொடுத்து, "பாத்துப் போடுங்க அண்ணாச்சி, எனக்கு ரொம்ப வேண்டிய படம்" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அண்ணாச்சியைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் ஆயில் பெயிண்டிங் என்றால் அதற்கு ஒரே வேலைதான். வீட்டில் யாராவது தவறிப் போனால், கல்யாண போட்டோவிலிருந்து அவர் முகத்தைக் காட்டி, ஆர்ட் ஸ்டூடியோவில் ஆயிலில் எழுதி வாங்கி, கண்ணாடி போட்டு மாட்டுவார்கள். உயிரோடு இருப்பவரை யார் ஆயிலில் எழுதுவார்? அதிலும் இது கண் மூடிய முகம். போதாததற்கு 'ரொம்ப வேண்டிய' படம்! அண்ணாச்சி மனசு உருகிப்போய், கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைத்து, சந்தன மாலையும் சாத்தி, நான் வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று கடை முன்னால் மாட்டிவிட்டார். மாலை அவர் செலவு.

ஆண்டாளைக் கும்பிட்டுவிட்டு அந்த வழியாக வந்த இந்த அம்மா பேச்சியம்மாள், தன் புருஷனான அந்த மில்காரர் குருசாமி மாலையோடு தொங்குவதைப் பார்த்துவிட்டார். அண்ணாச்சியிடமிருந்து படத்தைப் பிடுங்கி, என் வீட்டை விசாரித்து வந்துவிட்டார்.

"புதங்கிழமை மதுரையில அவியளுக்கு ஆபரேசன் சார்" என்றார் பேச்சியம்மாள். "வயித்துல கட்டி. மயக்கம் குடுத்துத்தான் அறுப்பாகளாம். மயக்கம் தெளியாமலே போனவுகளும் உண்டும்னு ஆளாளுக்குச் சொல்லுதாக. ஈரக்கொலை நடுங்கிப் போயி ஆண்டாள்கிட்ட அழுதுட்டு வெளிய வாரேன்... இவிய கண்ணை மூடிக்கிட்டு மாலையோட தொங்குதாக."

வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். என் மனைவி ஓடிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"அவர் தூங்குறாரும்மா. பஸ் ஸ்டாண்டுல தூங்குறப்ப வரைஞ்சது" என்றேன்.

"தூங்குதாகன்னு எனக்குத் தெரியுது சார். மாலை போட்டவருக்குத் தெரியலையே. எமனுக்கு மட்டும் தெரியவா போகுது?"

 

"சரிம்மா, படத்தை நீங்களே கொண்டு போயிருங்க."

"மாலை விழுந்த படத்தையா? எங்க வீட்டுக்கா?"

"அப்ப கிழிச்சிருவோமா?"

"அவியளையா!"

"இல்லேன்னா... எரிச்சு..."

"உங்க வாயில வசம்பை வச்சுத் தேய்க்க!" என்றாள் என் மனைவி. அது சரியான நேரத்தில் வந்தது. 

பேச்சியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கோயில்ல சாமிக்குக் கண்ணு தொறக்காகள்ல சார்? அது மாதிரி தொறந்து விடுங்க. அம்புட்டுத்தான். அவிய முழிச்சுக்கிடட்டும்."

என் மனசு அலறியது உண்மை. அந்தப் படத்தின் அழகே அந்தத் தூக்கம்தானே! கண்ணைத் திறந்தால் என்ன மிச்சம்? ஆனால் அந்த அம்மா படத்தை என் மடியில் வைத்துவிட்டார். படத்தின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு பெயிண்ட் டப்பாவைத் திறந்தேன்.

பிரஷைக் கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது. அவருடைய கண்ணை நான் பார்த்ததே இல்லை!

"கண்ணு எப்படிம்மா இருக்கும்?"

பேச்சியம்மாள் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். முகம் வாடிப் போயிற்று.

"அவிய வீட்டுக்கு வந்தா படுத்துருவாக சார். நான் களையெடுக்கப் போயிருவேன். நான் வாரப்ப அவிய ஷிப்டுக்குக் கெளம்பிக்கிட்டு இருப்பாக... செத்த நேரம் இருங்க." தன் கண்ணை மூடிக்கொண்டார். புருஷனின் கண்ணைப் பார்ப்பதற்குத்தான்.

முதலில் நானாக ஊகித்து ஒரு ஜோடி போட்டேன். கண்ணைத் திறந்து பார்த்தார். "இது யாரு, போலீஸ்காரன் மாதிரி முறைக்கது?"

துணியில் டர்ப்பன்டைன் தொட்டுத் துடைத்தேன். அடியில் காய்ந்த பெயிண்ட் அப்படியே இருக்கும், மேலே போட்ட ஈரம் மட்டும் போய்விடும். கண் போனதும் பழைய இமை வந்துவிட்டது. "அய்யய்யோ, திரும்பப் படுத்துட்டாகளே!" என்று பதறினார் பேச்சியம்மாள். அந்தப் பதற்றம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அடுத்த ஜோடியை அவசரமாகப் போட்டேன். அது காலண்டர் சாமிக் கண் மாதிரி வந்தது. அதையும் துடைத்தேன். அவர் மறுபடியும் தூங்கிப் போனார்.

"என்னங்க நீங்க, அந்தாளை இந்தப் பாடு படுத்துறீங்க" என்றாள் என் மனைவி, காபியை வைத்துவிட்டு.

அந்தக் காபி டம்ளரைப் பேச்சியம்மாள் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இடது கண்ணு கொஞ்சம் சின்னது சார். நான் காப்பித் தண்ணியைக் கொண்டு போயி நின்னேன்னா, தலையைத் தூக்க மாட்டாக. கண்ணை மட்டும் தூக்கிப் பாப்பாக. சிரிக்காகளா, அலுத்துச் சடைக்காகளான்னே தெரியாது."

பர்ன்ட் அம்பர் என்கிற கரும்பழுப்பைத் தொட்டேன். இருப்பதிலேயே சின்ன பிரஷ். மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டே புள்ளி, மேலே ஒரு கோடு.

டி.வி.யில் படம் எப்போதோ முடிந்திருந்தது. 

"ம்... இதுதான். இது அவியதான்" என்றார் பேச்சியம்மாள். "என்னையத்தான் பாக்காக." சொல்லிவிட்டு அழுதார். என் மனைவியும் அழுதாள். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பிரஷைத் துடைத்தேன். டர்ப்பன்டைன் நெடி என்று சொல்லிக்கொண்டேன்.

படத்தை அவர் எடுத்துப் போகவில்லை. "இங்கனயே கெழக்கப் பாத்து மாட்டுங்க சார். பொழைச்சு வந்து அவியளே வாங்கிக்கிடுவாக."

நல்ல வேலை கொடுத்துவிட்டுப் போனார்! பகுத்தறிவு பேசுகிற ஆசாமி நான். புதன்கிழமை ஆபீசில் ஒரு வரி எழுத ஓடவில்லை. படம் ஆணியிலிருந்து விழுந்திருக்குமோ? காய்வதற்குள் பல்லி கில்லி கண்ணில் ஓடியிருக்குமோ? சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றாமல் சுவரைப் பார்த்தேன். குருசாமி கண்ணைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி சொன்னாள்: "நானும் காலையில இருந்து பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

தகவல் ஒன்றும் இல்லை. எங்களிடம் போன் கிடையாது, கனெக்‌ஷனுக்கு எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிறோம். அவர்களிடமும் இருக்காது. பஸ் ஸ்டாண்டில் அந்த இடம் காலியாகவே கிடந்தது. எனக்கு வரைய ஓடவில்லை. யாராவது கண்ணை மூடினால் எனக்குப் பொறுக்காது. பக்கத்தில் போய் வேண்டுமென்றே இருமினேன். ஒரு பெரியவர் விழித்து, "என்னவே, காசநோயா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பப் படுத்தார். நல்லவர்... நன்றாக மூச்சு விட்டார்.

இந்தத் திங்கட்கிழமை. சரியாகத் தூங்காத அலுப்பு. டீ குடித்துவிட்டு பெஞ்சில் சாய்ந்தேன். மலை, மேகம், ஹாரன்... எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போயின.

"சார்... ஏ சார்... ஆபீசுக்கு நேரமாகலையா?"

யாரோ தோளைத் தட்டினார்கள். விழித்தால், பக்கத்தில் மெலிந்துபோன ஒருவர். புருவத்தில் பஞ்சு இல்லாததால் அடையாளம் தெரியவில்லை.

"நாந்தான் சார், குருசாமி. என்னைய எழுதினீகளாமே."

கையைப் பிடித்துக்கொண்டேன். விடவே இல்லை. சந்தோஷத்தில் என்ன பேசினேன் என்று நினைவில்லை.

"ஆபரேசன் என்ன சார், மயக்க மருந்து குடுத்தாக பாருங்க... ஆகா! அப்படி ஒரு தூக்கம் என் ஆயுசுல தூங்கினதில்ல. எங்க வீட்டுக்காரிதான் காதுக்குள்ள கத்தி எழுப்பிட்டா" என்றார். இரண்டு பேருமாகப் பகல் ஷிப்ட் கேட்டு மில்லுக்கு வந்தார்களாம், கிடைத்துவிட்டதாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து படத்தை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

நான் அவர் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டக்டரையும் டீக்கடைக்காரரையும் எல்லோரும் பார்க்கிற சாதாரணப் பார்வை. என் படத்தில் இருப்பது இந்தக் கண்ணே இல்லை. கோட்டை விட்டுவிட்டோம் என்று நினைத்தேன்.

"ஏங்க, பஸ்ஸு வந்துருச்சு" என்று குரல் கேட்டது. பேச்சியம்மாள் கையில் பையோடு எதிரே வந்து நின்றார்.

குருசாமி தலையைத் தூக்கவில்லை. கண்ணை மட்டும் தூக்கிப் பார்த்தார். இடது கண் கொஞ்சம் சிறுத்தது. சிரிப்பா, சடைப்பா தெரியவில்லை. அச்சு அசல் என் படம்!

பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். வண்டி ஸ்டாண்டைத் தாண்டவில்லை, அண்ணன் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார். பக்கத்தில் பேச்சியம்மாள், கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டு.

தூங்கட்டும்... எழுப்பத்தான் ஆள் இருக்கிறதே!