பால்வாளி இறக்கிய சைக்கிள்

என் பந்தயத்துக்காக இன்னொருத்தியின் கூலி கெடலாமா?

நான் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற ஆண்டு அது. அந்த நெடுந்தூரப் பந்தயத்தை ஓட்டி முடித்தால்தான் மாநிலப் பெண்கள் சைக்கிள் அணியில் இடம். பகாவ் ஊரை நெருங்கியபோது, ரப்பர்த் தோட்டத்தருகே என் சக்கரம் வளைந்துபோனது. உதவி வண்டி முன்னே போய்விட்டது.

பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டிவிட்டு வந்த ஒரு பெண் தன் சைக்கிளிலிருந்து ரப்பர் பால்வாளிகளை இறக்கினார்.

“ஏறு புள்ள.”

“பால் நிறுக்கிற ஸ்டோருக்கு லேட்டானா பால் கட்டியாகிக் கூலி போயிடுமே, அக்கா?”

“நான் தூக்கிக்கிட்டு ஓடுறேன். நீ பேசிக்கிட்டு நிக்காத லா, மிதி!”

அவர் ஓடத் தொடங்கினார், நானும் மிதித்தேன். கடைசியாகத்தான் முடிவுக்கோட்டைத் தாண்டினேன். ஆயினும் இடம் கிடைத்தது. சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, பாதிப் பால் கட்டியாகி அன்றைய கூலி குறைந்துபோனதைப் பக்கத்து வீட்டார்தான் சொன்னார்கள்.

அதன்பின் தொழில்முறையாக ஓட்டிய ஆண்டுகளில் எந்தப் பந்தயத்தையும் நான் பாதியில் விடவில்லை.