பின் சீட்டில் ஒரு நாள்

1. முதல் நாள் சொன்னது

இலங்கையில் குருவிட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பத்தொரு வருடம் பெரிய துரையின், அதாவது தோட்ட மேனேஜரின், ஜீப்பை ஓட்டினேன். வேலைக்குச் சேர்ந்த அன்று தோட்ட ஆபீஸின் பெரிய கிளாக்கர் கியரைப் பற்றியோ பிரேக்கைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"தொரை கை கதவுல படக்கூடாது. இஞ்சின் நின்னா அடுத்த நிமிசம் நீ அவரு பக்கம் நிக்கணும், வெளங்குதா?" என்றார்.

அவ்வளவுதான் டிரெயினிங். துரை இறங்குவார், முகத்தைப் பார்க்காமலே, சரி என்பதற்குச் சிங்களத்தில் "ஹரி" என்பார், போய்விடுவார். நாளாக ஆக, இஞ்சின் சத்தம் நின்றாலே என் கை தானாகக் கதவுக்குப் போனது. அதைத் திறமை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2. ஐஸ்லாந்தில்

என் மகன் சுகுமார் ஐஸ்லாந்தில் மீன் ஃபெக்டரியில் வேலை செய்கிறான். நான் ரிட்டையரானதும் இரண்டு வாரத்துக்கு அழைத்திருந்தான். அத்தனை நாளும் அவனுக்கு ஷிஃப்ட். கடைசி நாள்தான் லீவு கிடைத்தது. ஊர் சுற்றிக் காட்ட வாடகைக் கார் எடுத்தான்.

காரைக் கொடுத்த பெண் கதவு திறக்கக் கற்றுக்கொடுத்தாள். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டுமாம், விட்டால் காற்று பிடுங்கிவிடுமாம். கதவைப் பற்றி எனக்கே பாடமா என்று உள்ளுக்குள் சிரித்தேன்.

முன் சீட்டில் ஏறப் போனேன். மகன் விடவில்லை.

"பின்னால உக்காருங்கப்பா."

"ஏன்டா, நான் என்ன தொரையா?"

"இன்னைக்கு ஆமா. மழையில நனைஞ்சுக்கிட்டு அந்தாளுக்குக் கதவப் புடிச்சுக்கிட்டு நிப்பீங்களே, அதப் பாத்துத்தான் வளந்தேன். ஒரு நாளாவது ஒங்களுக்கு நான் தொறந்துவிடணும்."

பின்னால் ஏறிக்கொண்டேன்.

மரமே இல்லாத வெளி. காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. முதலில் ஓர் அருவிக்குப் போனோம். தண்ணீர் கீழே விழாமல் மேலே பறந்துகொண்டிருந்தது. காற்றுக்கு முதுகைக் காட்டி நிறுத்தத்தான் அங்கே இடம் இருந்தது.

"நான் சுத்தி வர்ற வரைக்கும் தொறக்காதீங்கப்பா," என்று சொல்லிவிட்டு இஞ்சினை நிறுத்தினான்.

இஞ்சின் நின்றது. என் கை தானாகக் கதவுக்குப் போய்விட்டது.

வெடி வைத்த மாதிரி ஒரு சத்தம். கதவு முன்பக்கமாக மடங்கி, கீல் வளைந்து தொங்கியது. சுகுமார் அப்போதுதான் இறங்கி, வண்டியைப் பிடித்துப் பிடித்துச் சுற்றி வரத் தொடங்கியிருந்தான். அப்படியே நின்றுவிட்டான்.

"ஏன்ப்பா?" என்றான்.

3. திரும்பி வந்தது

அருவியைப் பார்க்கவில்லை. மற்ற எந்த இடத்துக்கும் போகவில்லை. கதவு மூட மறுத்தது, கட்டக் கயிறும் இல்லை. திரும்பி வர ஆன இரண்டு மணி நேரமும் பின் சீட்டில் உட்கார்ந்து அதை இழுத்துப் பிடித்துக்கொண்டே வந்தேன். கண்ணாடியில் மகனின் கண்கள் தெரிந்தன. அழுதுகொண்டே ஓட்டினான். துரையிடம் வாங்கிய எந்த ஏச்சும் எனக்கு அப்படி வலித்ததில்லை.

வாடகைக் கார் யார்டுக்கு வந்ததும் இறங்கி என் பக்கம் வந்தான். இந்த முறை நான் அசையவில்லை.

"கைய விடுங்கப்பா."

விட முடியவில்லை. விரல்கள் குளிரில் மடங்கி விறைத்திருந்தன. கதவு இடுக்கு வழியாகக் கையை விட்டு ஒவ்வொரு விரலாக அவன்தான் பிரித்தெடுத்தான். மறுநாள் எனக்குப் பிளேன்.

தோட்டங்களில் இப்போது டிரைவராகச் சேருகிற தம்பிமாருக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். துரைக்குக் கதவைத் திறந்துவிடுங்கள், அது வேலை. ஆனால் வீட்டில், உங்கள் பிள்ளை வந்து திறக்கும் வரை சும்மா உட்கார்ந்திருக்கவும் பழகிக்கொள்ளுங்கள். எனக்கு அந்த ஒரு நிமிடம் உட்காரத் தெரியவில்லை.