ஐம்பத்தாறு டிகிரி வெந்நீர்

தொண்ணூறுகளில் திண்டுக்கல் பேருந்து நிலையத்தருகே ஒரு சிறிய இரத்தப் பரிசோதனை நிலையத்தில் பணியாற்றினேன். எச்.ஐ.வி. இருக்கலாமென மருத்துவர் குறித்தனுப்பும் இரத்தத்தை எவரும் தொட முன்வராமையால், அப்பணி என்னுடையதாயிற்று. இரத்தத்தினின்று பிரித்த சீரம் என்னும் தெளிநீரை, கிருமி மடியும்பொருட்டு, ஐம்பத்தாறு டிகிரி வெந்நீரில் அரைமணி நேரம் வைப்பது எங்கள் வழக்கம். அதன் பின்னரும் சக ஊழியர்கள் என்னருகே வரமாட்டார்கள். மதியச் சோற்றைத் தனியே உண்பேன்.

ஒருநாள் தாடிக்கொம்பிலிருந்து லாரி ஓட்டுநர் ஒருவர் வந்தார். காசநோய்க்கு மாத்திரை உட்கொள்பவர்.

“அண்ணே, சோத்தப் பாத்தாலே ஓங்கரிக்குது. மாத்திரை ஈரலைக் கெடுக்குதான்னு பாக்கச் சொன்னாரு டாக்டரு. அம்புட்டு மாத்திரையவும் கழுதைக்குக் குடுத்தா, கழுதையே படுத்துரும்ணே!”

அவரது சீட்டிலும் எச்.ஐ.வி. ஐயம் குறித்திருந்ததால், அவரது சீரத்தையும் சூடாக்கியே சோதித்தேன். ஈரல் கெட்டால் இரத்தத்தில் மிகும் ஈரல் நொதிகள் இயல்பாக இருந்தன. மாத்திரையைத் தொடருமாறு மருத்துவர் கூறிவிட்டார்.

மறுநாள் காலை, கருவியைச் சரிபார்க்க வைத்திருந்த, அளவு தெரிந்த சீரத்தையும் கவனமின்றி வெந்நீரில் இறக்கிவிட்டேன். சோதித்தபோது அதன் சர்க்கரையும் யூரியாவும் பிசகவில்லை. ஈரல் நொதிகள் மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தன. ஓட்டுநரின் நினைவு வந்தது. ஐயம் தீர்க்க இரத்தம் தருமாறு கேட்க அருகில் ஒருவருமில்லை. என் கையிலேயே எடுத்து, அதன் சீரத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் சூடாக்கியும் மற்றதைச் சூடாக்காமலும் சோதித்தேன். சூடாக்கியதில் அதே குறைவு.

உரிமையாளரிடம் சொன்னேன்.

“சுட வைக்காமத் தொடுறதுன்னா ஒம் பொறுப்புய்யா. பெறகு என்னையச் சொல்லக் கூடாது.”

அடுத்த பேருந்தில் தாடிக்கொம்பு சென்றேன். ஓட்டுநர் கட்டிலில் சுருண்டு கிடந்தார்.

“இன்னைக்கு மாத்திரை போட்டாச்சா?”

“செத்த நேரம் போகட்டும்னு வச்சிருக்கேண்ணே.”

“டாக்டரு சொல்றவரைக்கும் போடாதீங்க. நேத்து நான் குடுத்த ரிப்போர்ட்டு தப்பு.”

அவர் கையை நீட்டினார்; இரத்தம் எடுத்துக்கொண்டு நிலையம் திரும்பினேன். அந்த இரத்தத்தைச் சூடாக்காது சோதித்தேன். நொதிகள் இயல்பைப்போல் பன்மடங்கு இருந்தன. அன்றே மருத்துவர் மாத்திரையை நிறுத்தினார்.

அன்றுமுதல் ஈரல் சோதனைக்கான சீரத்தை நான் சூடாக்கவில்லை. அதை அறிந்த ஊழியர்கள் தத்தம் மேசைகளை முன்னறைக்கு மாற்றிக்கொண்டனர்.

சில வாரங்கள் கழித்து அவர் மறுபரிசோதனைக்கு வந்தார்.

“ரெண்டு இட்லி எறங்குதுண்ணே. மூணாவதுக்குத்தான் வீட்ல சண்டை.”

அன்று முழுவதும் என்னோடு பேசியவர் அவர் ஒருவரே.